செல்லாக்காசுகளை வாசித்தல்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிறிய கூட்டத்தில் ஆங்கிலக் குழந்தைப்பாட்டுகளைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். மொத்தம் இருபது பேர் இருந்திருப்பார்கள். 'ஆரஞ்சஸ் அண்ட் லெமன்ஸ்' என்கிற பாட்டை எடுத்துக்கொண்டு, லண்டன் தேவாலய மணிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதாக அமைந்த அந்தப் பிரதிக்குள் எட்டாம் ஹென்றியும் அவனுடைய மனைவிமார்களும் ஒளிந்திருப்பதாக விளக்கினேன். எங்கோ படித்ததுதான். பாட்டின் முடிவில் தலை வெட்டப்படுகிறது, ஹென்றியும் தலை வெட்டினான், ஆகவே இது அது. குறிப்பான், ஆழ்தளம், மௌனம் என்று அப்போது கைவசம் இருந்த சொற்களையெல்லாம் இறக்கினேன். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்தார். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர். "ராஜா கதையெல்லாம் சரி தோழர். பாட்டுல ஒரு மணி அஞ்சு காசு பாக்கின்னு கேக்குதுன்னு சொன்னீங்களே, அந்தக் கடன் யாரு வாங்குனது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக வரும் பதில். பாதி பதில் என்றுகூடச் சொல்லலாம்.

பாட்டில் வரும் கடன் ஐந்து ஃபார்திங். பழைய ஆங்கிலக் கணக்கில் 4 ஃபார்திங் ஒரு பென்னி, 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி, 960 ஃபார்திங். அணா பைசாவில் கணக்குப் போட்ட நம் தாத்தாக்களுக்கு இது சட்டென்று பிடிபட்டிருக்கும். ஃபார்திங் என்ற சொல்லுக்கு நாலில் ஒரு பங்கு என்பதற்கு மேல் அர்த்தம் எதுவும் கிடையாது. 1279இல் முதலாம் எட்வர்ட் வட்ட ஃபார்திங்கைப் பரவலாக அடிக்கும்வரை, வெள்ளிப் பென்னியின் பின்பக்கச் சிலுவைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நாலு துண்டாக வெட்டித்தான் ஜனங்கள் புழங்கினார்கள். சந்தைக்குப் போகிறவனுக்குப் பென்னியே பெரிய பணம், அதை உடைத்தால்தான் ரொட்டி வாங்க முடியும். ஐந்து ஃபார்திங் என்பது ஒன்றேகால் பென்னி. எந்த ராஜாவும் ஒன்றேகால் பென்னி கடன்படுவதில்லை. இந்த ஒரு கணக்கை நான் அன்றைக்குப் போட்டிருந்தால் ஹென்றி பக்கமே போயிருக்க மாட்டேன்.

அந்தப் பாட்டில் கடனை எப்போது கொடுப்பாய் என்று கேட்பது ஓல்ட் பெய்லி மணி. ஓல்ட் பெய்லி என்றால் நீதிமன்றம். அதை ஒட்டியே நியூகேட் சிறை. பணக்காரனாகும் நாளைத் தவணையாகச் சொல்வது நகரச் சுவருக்கு வெளியே கிடந்த ஷோர்டிச் மணி. பாட்டு அச்சில் முதலில் தெரியவருவது சுமார் 1744இல். கடனைக் கட்டாதவனைச் சிறையில் போடுவது அந்த நாட்டில் 1869இல் சட்டம் வரும்வரை சர்வசாதாரணம். சார்லஸ் டிக்கன்ஸின் அப்பா 1824இல் மார்ஷல்ஸி சிறைக்குப் போனது ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குத் தரவேண்டிய 40 பவுண்டு 10 ஷில்லிங்குக்காக. பன்னிரண்டு வயசுப் பையன் வாரம் ஆறேழு ஷில்லிங்குக்கு பூட்ஸ் பாலீஷ் தொழிற்சாலையில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டினான். இந்தச் சமூகத்தில் ஒரு மணி கடனைக் கேட்க, இன்னொரு மணி எப்போது என்று மிரட்ட, கடைசியில் தலை போகிறது. இதில் மறைபொருள் எங்கே இருக்கிறது? எல்லாம் மேலேயே கிடக்கிறது.

மேலே கிடப்பதைத் தாண்டிக் குதித்து அடியில் ராஜாவைத் தேடுகிற இந்தப் பழக்கத்தைத்தான் நான் இங்கே பிரச்சினையாக்க விரும்புகிறேன். அயோனா ஓப்பியும் பீட்டர் ஓப்பியும் 1951இல் ஆக்ஸ்ஃபோர்ட் குழந்தைப்பாட்டு அகராதியைக் கொண்டுவந்தபோதே இந்த மாதிரி விளக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமே இல்லை என்று காட்டிவிட்டார்கள். ஆனாலும் விளக்கங்கள் சாகவில்லை. சிக்ஸ்பென்ஸ் பாட்டு என்று நம் ஊர் யூகேஜி பிள்ளைகள்வரை பாடுகிற பாட்டு இருக்கிறதே, அதில் ராஜா கணக்கறையில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறான். ராணி தேன் தடவி ரொட்டி சாப்பிடுகிறாள். வேலைக்காரி தோட்டத்தில் துணி காயப்போடுகிறாள், மூக்கு போவது அவளுக்குத்தான். இதற்கும் ஹென்றி, கேத்தரின், ஆன் பொலின் என்று ஆள் பிடித்துப் பொருத்துகிறார்கள். ஒரு வர்க்கச் சித்திரம் இத்தனை பச்சையாக எழுதப்பட்டிருக்கும்போது அதைச் சங்கேதம் என்று சொல்வதே அதைப் படிக்காமலிருக்க ஒரு வழி. ஆறு பென்னியைப் பற்றிய பாட்டை ராஜாவைப் பற்றிய பாட்டாக மாற்றிவிட்டால் அந்த ஆறு பென்னி காணாமல் போய்விடும். (1744 பதிப்பில் பணியாரத்துக்குள் வைத்துச் சுடப்படுவது பறவைகள் அல்ல, சேட்டைக்காரப் பையன்கள். பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள். பையன்களைச் சுடுவது கொஞ்சம் அதிகம் என்று தோன்றியிருக்கும்.)

இப்படிக் காசை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றப் பாட்டுகளையும் வாசித்துப் பார்த்தேன். சிம்பிள் சைமன் என்கிற மண்டூகத்திடம் பணியாரக்காரன் முதலில் பென்னியைக் காட்டச் சொல்கிறான். இல்லை, ஆகவே பணியாரமும் இல்லை. கிறிஸ்துமஸ் பிச்சைப் பாட்டில் கிழவனின் தொப்பிக்கு ஒரு பென்னி கேட்கிறார்கள், அது இல்லையென்றால் அரைப் பென்னி, அதுவும் இல்லையென்றால் கேட்கப்பட்டவனுக்கே ஆசீர்வாதம். பிச்சைக்காரன் பணம் இல்லாதவனை ஆசீர்வதித்துவிட்டுப் போகும் அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்றமரத்தில் ஆடும்போது பாடுகிற மார்ஜரி டா பாட்டில் ஒரு சிறுவனுக்குப் புது முதலாளி கிடைக்கிறார், கூலி ஒரு நாளைக்கு ஒரு பென்னி. அவ்வளவுதான் கிடைக்கும், ஏனென்றால் அவனுக்கு வேகமாக வேலை செய்ய வரவில்லை. மரம் அறுப்பவர்கள் ரம்பம் இழுக்கும்போது பாடியதாக இருக்கலாம் என்பது ஓப்பிகளின் ஊகம். நம் தெம்மாங்கைப் பற்றி எழுதும்போது உழைப்பின் தாளம் என்று உடனே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலப் பாட்டு என்றால் மட்டும் வரலாற்றுப் புதிர் ஆகிவிடுகிறது. 'பாப் கோஸ் த வீசல்' பாட்டில் வரும் 'பாப்' அடகு வைப்பதற்கான லண்டன் கொச்சை. 'வீசல்' எது என்பதில் சண்டை இருக்கிறது. நூல் சுற்றும் கருவி என்பார்கள் சிலர், கோட்டு என்பார்கள் சிலர். எதுவானால் என்ன, இரண்டு பென்னி அரிசி வாங்கி, சிட்டி ரோட்டுச் சாராயக்கடைக்குப் போய்வந்து, கடைசியில் கையிலிருப்பது அடகுக்கடைக்குப் போகிறது.

*

குழந்தைப்பாட்டில் காசு பாடுகிறவனின் வாயில் இருக்கிறது. குடும்பப்பெயரில் அது வேறு மாதிரி. அங்கே காசு ஒருவன்மேல் ஒட்டப்படுகிறது.

ஆங்கிலக் குடும்பப்பெயர்களில் பென்னி, ஹேப்னி, ஃபார்திங், ஷில்லிங் எல்லாம் உண்டு. டர்ன்பென்னி, வின்பென்னி என்றும் உண்டு, இரண்டும் காசு பிடுங்கிகள். பென்னிஃபாதர் என்றால் கஞ்சன். மணிபென்னி என்ற பெயரை ஜேம்ஸ் பாண்ட் கதைகளின் செக்ரட்டரிக்கு வைத்த இயன் ஃபிளெமிங்குக்குப் பெயரின் நாற்றம் தெரிந்தே இருந்திருக்கும். யாரும் தனக்குத்தானே கஞ்சன் என்று பெயர் வைத்துக்கொள்வதில்லை. ஊர் வைத்தது. கேலியாக வைத்தது. பென்னிங்டன் என்கிற பெயர் ஒரு பென்னி குத்தகை கட்டிய நிலத்திலிருந்து வருவது, அதில் கேலிகூட இல்லை, வெறும் கணக்கு. ஃபார்திங்கிலும் சில சமயம் நிலத்தின் கால் பங்குதான் இருக்கிறது, காசு இல்லை.

கேலிப்பெயர் எப்படிப் பரம்பரைப்பெயராக உறைந்தது? வாயில் வந்து வாயில் போகவேண்டிய பட்டப்பெயரை நிரந்தரமாக்கியதில் சர்க்கார் ஏட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1377இல் இங்கிலாந்தில் தலைவரி போட்டார்கள். பதினாலு வயசுக்கு மேல் தலைக்கு நாலு பென்னி. நாலு பென்னி சேர்ந்தது ஒரு குரோட். பெருத்த காசு என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். 1380இல் மூன்றாவது தடவையாகப் போட்டபோது தலைக்கு மூன்று குரோட். 1381இல் எசெக்ஸிலும் கென்ட்டிலும் விவசாயிகள் கிளம்பி லண்டனுக்குள் புகுந்தார்கள். வாட் டைலரும் ஜான் பாலும் நமக்கு அந்தக் கிளர்ச்சி வழியாகத் தெரிந்த பெயர்கள். ஆனால் அந்த வரியின் ஏடுகள் வழியாக வேறு ஆயிரக்கணக்கான பெயர்கள் வந்துசேர்ந்திருக்கின்றன. இன்றைக்குக் குடும்பப்பெயர் ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தத் தலைவரி ஏடுகளைத்தான். தலையை எண்ணவேண்டும், காசு வாங்கவேண்டும், அதற்கு ஆளுக்கொரு பெயர் வேண்டும். காசுப்பெயர் கொண்ட ஒருவன் காசு கொடுத்ததற்காக ஏட்டில் ஏறுகிற காட்சி இது. பெயராய்வு நூல்கள் இதைச் சுவாரசியமான பெயர்கள் என்ற தலைப்பில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. 1990 மார்ச் 31இல் தாட்சரின் தலைவரியை எதிர்த்து டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தபோது, 1381ஐ ஜனங்கள் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். பண்டிதர்களுக்கு முந்தி ஜனங்களுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

இந்தப் பெயர்களில் ஒன்று சென்னைப் பேருந்துகளின் நெற்றியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெசண்ட் நகர். பெசண்ட் என்பது பைசாந்தியத் தங்கக்காசு, ஐரோப்பா முழுக்கப் புழங்கிய பொன். அதை வைத்து இங்கிலாந்தில் யாரையோ கூப்பிட்டு, அது குடும்பப்பெயராகி, ஃபிராங்க் பெசண்ட் என்ற பாதிரியார்வரை வந்தது. ஆனி உட் 1867இல் அவரைக் கல்யாணம் செய்து 1873இல் பிரிந்தார். நாத்திகம் பேசியதற்காகவும் கருத்தடை நூலை வெளியிட்டதற்காகவும் பெற்ற மகளை நீதிமன்றம் அவரிடமிருந்து பறித்தது. ஆனால் புருஷன் பெயர் மட்டும் போகவில்லை. அடையாறில் 1933இல் சாகும்வரை அந்தத் தங்கக்காசு கூடவே இருந்தது. இந்தப் பெயர் அரசியலை நம் பெண்ணியத் தோழிகள் இன்னும் நன்றாக எழுதுவார்கள். நான் சொல்லவந்தது வேறு. அந்தத் தங்கக்காசுப் பெயரில் 1888 ஜூன் 23இல் 'த லிங்க்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. கிழக்கு லண்டன் பிரையண்ட் அண்ட் மே தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றியது. 'லண்டனில் வெள்ளை அடிமைத்தனம்' என்று தலைப்பு. (தலைப்பில் இருக்கும் வெள்ளை என்ற சொல் யாரை உள்ளே விட்டு யாரை வெளியே நிறுத்துகிறது என்பதைத் தனியே பேசவேண்டும்.) அந்தக் கட்டுரையின் பலம் அதன் காசுக் கணக்கு. பதினாறு வயசுப் பெண்ணுக்கு வாரம் 4 ஷில்லிங். அதில் அறை வாடகைக்கு 2 ஷில்லிங். கால் அழுக்காக இருந்தால் 3 பென்னி அபராதம். தாமதமாக வந்தால் அரைநாள் வெளியே நிறுத்தி, அன்றைய 8 பென்னிக் கூலியில் 5 பென்னி பிடித்தம். கிளாட்ஸ்டன் சிலை வைக்க ஆளுக்கு ஒரு ஷில்லிங் கூலியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பதும் அதில் வருகிறது. ஜூலையில் சுமார் 1400 பெண்கள் வெளியே வந்தார்கள். ஆனி பெசண்ட் கூப்பிட்டு அல்ல, தாங்களாகவே. அவர் பிறகுதான் சேர்ந்துகொண்டார். அந்த மாதமே ஜெயித்தார்கள், அபராதம் ஒழிந்தது. பென்னி என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடுகிறவர்கள் அழுக்குக் காலுக்கு மூன்று பென்னி என்பதையும் ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

*

அடுத்த வருஷம், அதே கிழக்கு லண்டன். இங்கேதான் கொச்சைக்கு வரவேண்டியிருக்கிறது.

லண்டன் கொச்சையில் ஷில்லிங்குக்குப் பெயர் 'பாப்'. (அடகு 'பாப்' வேறு, இது வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, என்ன செய்ய.) ஆறு பென்னிக்கு 'டானர்'. பவுண்டுக்கு 'குவிட்'. இந்தச் சொற்களுக்கும் ராஜா தேடும் படலம் உண்டு. பாப் என்பது பிரதமர் ராபர்ட் வால்போலின் செல்லப்பெயராம். டானர் என்பது 18ஆம் நூற்றாண்டில் அரசு நாணயச்சாலையில் அச்சு வெட்டிய ஒரு டானரின் பெயராம். ஆதாரம் கேட்டால் கிடையாது. 500 பவுண்டுக்கு 'மங்கி' என்று ஒரு கொச்சை இருக்கிறது. இந்தியாவில் 500 ரூபாய் நோட்டில் குரங்குப் படம் இருந்ததாம், சிப்பாய்கள் கொண்டுபோனார்களாம். அப்படி ஒரு நோட்டே அச்சாகவில்லை. கொச்சையை யாரோ ஒரு பெரிய மனுஷனோ ஒரு தூரதேசமோ கொடுத்ததாக இருக்கவேண்டும், துறைமுகத்திலும் சந்தையிலும் கிடந்தவன் தானே உண்டாக்கியிருக்க முடியாது என்கிற எண்ணம் இந்தக் கதைகளின் அடியில் ஓடுகிறது. உண்மையிலேயே ஒரு பெரிய மனுஷன் பெயர் காசுக்கு வந்த இடத்தைப் பாருங்கள். 1836இல் நாலு பென்னிக் காசு ஒன்றை மறுபடி அடித்தார்கள், நாடாளுமன்றத்தில் அதற்காக வாதாடியவர் ஜோசஃப் ஹ்யூம். அதுவரை நாலு பென்னி தூரத்துக்குச் சில்லறை இல்லாமல் ஆறு பென்னி கொடுத்துக்கொண்டிருந்த சவாரிகள் இப்போது சரியாக நாலு பென்னி கொடுத்துவிட்டு இறங்கினார்கள். வயிறெரிந்த குதிரைவண்டிக்காரர்கள் காசுக்கு 'ஜோயி' என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். கௌரவிக்க அல்ல, திட்ட.

திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் காசு பயன்படுகிறது. வட இங்கிலாந்தில் ஒருவனை அரைப் பென்னிப் பைத்தியம் என்கிற அர்த்தத்தில் செல்லமாகத் திட்டுவார்கள், அரைப் பென்னிக் காசு 1969இல் செல்லாமல் போன பிறகும். நாமும் காலணாவைக் கண்ணால் பார்க்காமலே காலணாவுக்குப் பிரயோசனமில்லாதவன் என்கிறோம் இல்லையா, அதுபோல. பட்டாளத்தில் சேர்வதற்கு ராஜாவின் ஷில்லிங்கை வாங்குவது என்று பெயர். ஒரு ஷில்லிங்கைக் கையில் வாங்கிவிட்டால் உயிர் அடகு. அந்தச் சடங்கை 1879இல் எடுத்துவிட்டார்கள், பேச்சு நிற்கவில்லை. ஒன்றுக்குப் போவதை ஒரு பென்னி செலவழிப்பது என்பார்கள். 1851 உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் வைத்த கட்டணக் கழிப்பறையிலிருந்து வரும் சங்கதி. பொதுக் கழிப்பிடங்களில் ஆண்கள் நின்றுகொண்டு போவது இலவசம், கதவுள்ள அறைக்குத்தான் பென்னி போடவேண்டும். ஆகவே அந்த வாக்கியம் முக்கியமாகப் பெண்களுடையது. நாசூக்கான இடக்கரடக்கல் என்று நன்னூல் பாணியில் வகைப்படுத்திவிட்டால் அந்தக் கதவில் இருந்த காசுத்துளை கண்ணில் படாது.

இனி டானர். லண்டன் துறைமுகத்தில் தினக்கூலி ஆட்களைக் காலையில் கூண்டு மாதிரி ஒரு கொட்டகைக்குள் நிறுத்தி, கங்காணி கை நீட்டிப் பொறுக்குவான். மணிக்கு 5 பென்னி. இரண்டு மணிநேர வேலை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றும் சொல்லலாம். 1889 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பென் டில்லெட், டாம் மன், ஜான் பர்ன்ஸ் முன்னால் நின்றார்கள். கோரிக்கை மணிக்கு 6 பென்னி. துரைத்தன ஆங்கிலத்தில் சிக்ஸ்பென்ஸ் என்று எழுதவேண்டிய அதை அவர்கள் 'டாக்கர்ஸ் டானர்' என்றார்கள், துறைமுகத் தொழிலாளியின் டானர். ஒரு பென்னி உயர்வு வேண்டும் என்று கேட்பதற்கும் எங்கள் டானர் என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். முதலாவது கணக்கு, கேட்பவனைக் கையேந்த வைப்பது. இரண்டாவதில் காசு ஏற்கனவே அவனுடைய மொழிக்குள் வந்துவிட்டது, முதலாளி அதைப் பிடித்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான். ஐந்து வாரம் தாக்குப்பிடித்தார்கள். ஆஸ்திரேலியத் தொழிலாளர்களும் மக்களும் அனுப்பிய பணம் மட்டும் 30,000 பவுண்டுக்கு மேல். செப்டம்பரில் டானர் கிடைத்தது. கொச்சைச் சொல் ஒன்று கோஷமாகி ஜெயித்த இந்த வரலாற்றை எந்தக் கொச்சை அகராதியும் ஓரிரு வரிக்குமேல் சொல்வதில்லை. தலித் எழுத்து வந்த காலத்தில் நம் ஊரில் வட்டார வழக்கு இலக்கியமாகுமா என்று விவாதித்தவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

*

சின்னக் காசுகள் பேச்சிலும் பாட்டிலும் கிடக்க, பெரிய காசுகள் எங்கே போயின?

கினி 1663இல் பிறந்தது. பொன் வந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பெயரே அதற்கு. ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி கொண்டுவந்த பொன்னில் அடித்த காசுகளில் ராஜாவின் தலைக்குக் கீழே கம்பெனியின் யானை முத்திரை. அந்தக் கம்பெனி பொன்னோடு ஆட்களையும் ஏற்றியது, அடிமைகளாக. 1717இல் அதன் மதிப்பு 21 ஷில்லிங் என்று நிலைத்தது. 1814க்குப் பின் அடிப்பதும் நின்றது. காசு போனபிறகும் டாக்டர், வக்கீல் ஃபீஸ், ஓவியத்தின் விலை, பந்தயக் குதிரை எல்லாம் கினியில்தான். கைத்தொழில்காரனுக்குப் பவுண்டு, கனவானுக்குக் கினி. நியூமார்க்கெட் பந்தயங்களுக்கு 2000 கினி, 1000 கினி என்று இன்றும் பெயர். இரண்டு புத்தகத் தலைப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். பிரெக்ட் 1928இல் தன் நாடகத்துக்கு மூன்று குரோஷன் என்று தலைப்பு வைத்தார். குரோஷனும் குரோட்டும் ஒரே வேரில் முளைத்தவை. பிச்சைக்காரர்களின் நாடகத்துக்குப் பிச்சைக்காரர்களின் காசு. பத்து வருஷம் கழித்து வெர்ஜீனியா உல்ஃப் 'மூன்று கினி' எழுதினார். போரைத் தடுக்க, பெண்கள் கல்லூரியைக் கட்ட, பெண்களுக்கு உத்தியோகம் தேட என்று மூன்று நன்கொடைக் கோரிக்கைகள். படித்த ஆண்களின் மகள் எந்தக் காசில் நன்கொடை கொடுப்பாள்? கினியில்தான். அது கையில் எடுக்கவே முடியாத காசு என்பது அந்தப் பிரதியின் கசப்பான வேடிக்கை. உல்ஃப் அதைத் தெரிந்தே செய்தார் என்பது என் வாசிப்பு.

நம் கரையிலிருந்தும் ஒரு பெரிய காசு ஆங்கிலக் கொச்சைக்குப் போயிருக்கிறது. 'பகோடா மரத்தை உலுக்குவது'. டீக்கடைப் பகோடா அல்ல. வராகனுக்கு ஐரோப்பியர் சொன்ன பெயர் பகோடா. சென்னைக் கோட்டையில் கம்பெனியின் கணக்கு 80 காஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு நட்சத்திரப் பகோடா என்று போனது. காஷ் நம் காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. ஃபனம் நம் பணம். கம்பெனி எழுத்தர் ஒருவன் சில வருஷத்தில் பெரும் பணத்தோடு ஊர் திரும்பினால் பகோடா மரத்தை உலுக்கிவிட்டு வந்தான் என்பார்கள். மரத்தை உலுக்கினால் விழும் என்கிற படிமத்தில் யாருமே இல்லை, மரமும் கையும் மட்டும். ஆர்க்காட்டு நவாபுக்குக் கம்பெனி ஆட்கள் வட்டிக்குக் கொடுத்த கடனைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785இல் நாடாளுமன்றத்தில் பேசினார். அந்தக் கடனை அடைத்தது கர்நாடகத்து மண்ணின் வரிப்பணம். மரமாக நின்றவர்கள் அந்த வரி கட்டிய குடியானவர்கள். ஆங்கிலக் கொச்சை என்றாலே எளியவன் பேச்சு என்று நான் இதுவரை எழுதிய தொனிக்கு இந்த ஒரு சொல்லே எதிர்சாட்சி, ஒப்புக்கொள்கிறேன். கொச்சை கொள்ளைக்காரனுக்கும் உண்டு.

துட்டு என்று நாம் சொல்வது டச்சுக்காரரின் டயிட் என்கிற செப்புக்காசு. அதே காசு ஆங்கிலத்துக்கு 'டாயிட்' ஆகப் போய் மதிப்பற்றது என்று அர்த்தப்பட்டது. ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் டிரிங்குலோ என்கிற கோமாளி, இங்கிலாந்தில் நொண்டிப் பிச்சைக்காரனுக்கு ஒரு துட்டு போடமாட்டார்கள், செத்த இந்தியனைக் காட்சிக்கு வைத்தால் பத்துத் துட்டு கொடுத்துப் பார்ப்பார்கள் என்ற பொருளில் பேசுகிறான். அங்கே இந்தியன் என்பது அமெரிக்கப் பழங்குடி. தமிழில் துட்டு என்று போட்டு அந்த இடத்தைப் படிக்கும்போது அது மொழிபெயர்ப்பாகவே தோன்றவில்லை.

*

இதெல்லாம் செத்த சொல், ஏன் நோண்டிக்கொண்டிருக்கிறாய் என்று நண்பர்கள் கேட்கலாம். ஃபார்திங் 1960 கடைசியோடு போனது. 1971 பிப்ரவரி 15இல் மொத்தக் கணக்கும் நூறு பென்னிக்கு மாறியது. ஆறு பென்னிக் காசு 1980வரை தொங்கிக்கொண்டிருந்துவிட்டுப் போனது. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட நாவலில், 1984இன் லண்டனில் டாலரும் சென்ட்டும்தான் புழங்குகின்றன. வின்ஸ்டன் ஒரு பழம்பொருள் கடைக்குப் போகிறான். கடைக்காரர் சாரிங்டன் அந்த மணிப்பாட்டின் துணுக்குகளைச் சொல்லிக்கொடுக்கிறார். ஃபார்திங் என்றால் சென்ட் மாதிரி ஒரு சின்னச் செப்புக்காசு என்று விளக்கமும் தருகிறார். எத்தனை இதமான கிழவர், எத்தனை அழகான பழைய பாட்டு. பிற்பாடு தெரிகிறது, கிழவர் சிந்தனைப் போலீஸ். பாட்டின் கடைசி அடியைச் சொல்லிக்கொண்டே பிடிக்க வருகிறார்கள். இந்த இடத்தைப் பழமையை அழித்த சர்வாதிகாரம் என்ற கோணத்திலேயே படிக்கிறோம். சாரிங்டன் பழமையை அழிக்கவில்லை, விற்கிறார். கடனையும் சிறையையும் கழற்றிவிட்டு ஃபார்திங்கை அழகான பழம்பொருளாகக் கையில் கொடுக்கிறார். அதே நாவலில் சாராயக்கடைக் கிழவன் ஒருவன் பழைய அளவுதான் வேண்டும் என்று சண்டை போடுகிறான், முன்பு பீர் நாலு பென்னி என்கிறான். வின்ஸ்டன் அவனிடமிருந்து வரலாற்றை எதிர்பார்த்து, ஒன்றும் தேறவில்லை என்று எழுந்து போகிறான். அந்தக் கிழவன் சொன்ன நாலு பென்னியில் வரலாறு இருந்தது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நான் வின்ஸ்டனாகக்கூட இல்லை, சாரிங்டன் வேலைதான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சாகவில்லை. கினி நின்றபிறகு 1817இல் இங்கிலாந்தில் சாவரின் என்ற தங்கக்காசு வந்தது. சாவரின் என்றால் அரசன். எடை 7.98 கிராம், 22 காரட். முதல் உலகப்போர் தொடங்கிய 1914க்குப் பின் அந்த ஊரில் அது கைமாற்றுப் புழக்கத்திலிருந்து மறைந்தது. நம் ஊரில் மறையவில்லை. எட்டு கிராம் ஒரு சவரன், பவுன் என்றாலும் அதுதான். தினமும் பேப்பரில் இங்கிலாந்து ராஜாவின் பெயரில்தான் விலை வருகிறது, பெண் பார்க்க வந்தவர்கள் அதில்தான் கேட்கிறார்கள்.

பைண்டிங் தோழரின் மகளுக்குப் போன தையில் கல்யாணம். போயிருந்தேன். இருபது பவுன் போட்டிருக்கிறார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அதில் பன்னிரண்டு பவுன் கடன்தான் என்றார். யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். இலையைப் பார்த்துக்கொண்டே, "மூணு எடத்துல" என்றார்.